பெட்டி வீடு வாங்கப் போற மாப்ளைக்கு

வா மாப்ளே, உக்காரு. தோட்டத்துல கிரேன் வெச்சு வீட்டை இறக்கப் போறியாமா? டீக்கடை முழுக்க உன் பேச்சுதான். ஃபேக்டரியிலயே சுவரு, ஒயரிங், பாத்ரூம் டைல்ஸ் வரைக்கும் முடிச்சு, லாரியில ஏத்தியாந்து, அஸ்திவாரத்து மேல வெச்சு போல்ட்டு முடுக்கற வீடு. பலே.

நல்லதை மொதல்ல சொல்லிப்போடறேன். இல்லீன்னா மாமன் பழைய பஞ்சாங்கம்னு எந்திரிச்சுப் போயிருவே. இங்க நீ பேஸ்மட்டம் போட்டுட்டு இருக்கறப்பவே அங்க வீடு தயாராயிரும். மழைக்கு வேலை நிக்காது. எம்-சாண்ட் லோடு வந்துச்சா, சென்ட்ரிங் பிரிச்சாச்சா, சுவத்துக்குத் தண்ணி ஊத்துனாங்களான்னு அலைய வேண்டாம். சென்னை பெரும்பாக்கத்துல 2021 ஜனவரி 1-ல அடிக்கல் போட்டு, 2022 மே மாசம் 1,152 வீட்டைத் திறந்துட்டாங்க. தூணு, உத்தரமெல்லாம் தனியா வார்த்துக் கொண்டாந்து கோத்த கட்டடம். நடுவுல கொரோனா வேற. நம்ம கிழக்கு வளவுல ஒருத்தன் பால் காய்ச்சி எத்தனை வருசமாச்சு, மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வரலை.

ஆனா அது ஆயிரத்துச் சொச்சம் வீடு, ஒரே அச்சு. உன்னுது ஒத்தை வீடு. கிரேன் வாடகையும் லாரி வாடகையும் உன் ஒருத்தன் தலையில. ‘மலிவு மாமா’ன்னு சொல்றதுக்கு முந்தி அதையும் கூட்டிப் பாரு.

லாரி எந்த வழியா வரும்? உன் வீடு கன்டெய்னர் பெட்டி அளவு, எட்டரை அடி உசரம். லாரித் தட்டோட சேந்தா பதிமூணு, பதினாலு அடி. நம்ம மாரியம்மன் கோயில் வளைவுக்குள்ள கரும்பு லாரியே குனிஞ்சுதான் வருது. அதைத் தாண்டுனா ஈபி ஒயரு, அதுக்கப்பறம் புளியமரம். மரத்துல கை வெச்சா ஊர்க்கூட்டம் போட்டுருவாங்க.

அகலம் எட்டடி. வெக்கை தாங்கறதுக்கு உள்ளார போர்டு அடிச்சா ஏழரைக்கும் கீழ இறங்கிரும். ஏழரையக் காசு குடுத்து வாங்குற மொத ஆளு நீதான். ஆறேகாலடிக் கட்டிலைக் குறுக்க போட்டா, கால்மாட்டுல ஒருத்தரு ஒருக்களிச்சுத்தான் போகோணும். உன் மாமியா உடம்புக்கு அது ஆகற காரியமா? ரெண்டு பெட்டியச் சேத்துப் பெரிய ஹாலாக்கித் தர்றேன்னுவான் கம்பெனிக்காரன். ஆக்கலாம். ஐப்பசி மழைக்கு அந்தச் சேர்மானத்துல ஒழுகுதான்னு பாத்துட்டு அப்பறமா சோபா வாங்கு.

பேங்க்குல லோனு போடறயா? அஸ்திவாரம், லிண்டல், கூரைன்னு எழும்ப எழும்பத்தான் அவன் காசு விடுவான். கம்பெனிக்காரனோ வீடு லாரி ஏறறதுக்கு முந்தியே பெரும்பணத்தைக் கேப்பான். மேனேசரு வந்து பாத்தா தோட்டத்துல பேஸ்மட்டமும் ரெண்டு ஆடுந்தான் நிக்கும்.

இதெல்லாம் சமாளிச்சுப் போடலாம். எனக்கிருக்கற சந்தேகம் வேற. நம்ம குடும்பத்துல எவனாச்சும் வரைபடத்துல இருக்கறாப்புல வீடு கட்டிருக்கானா? உங்கப்பன் கட்டுனப்ப சமையக்கட்டுச் சுவரு இடுப்பு உசரம் ஏறிருச்சு. உங்கம்மா உள்ளார போயி, அடுப்புக்கு முன்னால நிக்கற மாதிரி நின்னு, கையில இல்லாத கரண்டியக் கிண்டிப் பாத்தா. ‘இங்கிருந்து மாட்டுத் தொட்டி தெரியலியே’ன்னா. கொத்தனாரு தலைத்துண்டை உதறித் திருப்பிக் கட்டிக்கிட்டு, ரெண்டு வரிசைக் கல்லைப் பிரிச்சு, சன்னலு வெக்கிற எடத்தைத் தள்ளிப் போட்டான். அதுக்குக் கேட்ட கூலி ஒரு கட்டு வெத்தலை. ஃபேக்டரியில கையெழுத்துப் போட்டாச்சுன்னா சன்னலு ஒரு விரக்கடை நகராது. நகத்தச் சொன்னா அதுக்குத் தனி பில்லு வரும்.

தொட்டில் எங்க கட்டுவே? கூரைக்குப் போடற பஃப் பேனலுன்னா ரெண்டு தகடு, நடுவுல நுரை. வெக்கையத் தடுக்கும், நல்ல பொருள்தான், வெறுந் தகரப் பெட்டிக்கு எவ்வளவோ மேலு. ஆனா கொக்கி மாட்டி ஆட்டற எடமில்ல அது. இரும்புச் சட்டம் எங்க ஓடுதுன்னு இப்பவே குறிச்சு வாங்கி வெச்சுக்க. உன் சம்சாரம் நேத்து மாங்கா கேட்டாளாம், காதுல விழுந்துச்சு.

‘பழசானா பெட்டிய மட்டும் கழட்டி மாத்திக்கலாம்’னு சொன்னியே, அதுதான் உள்ளதுலயே அழகான பேச்சு. என் பேரன் போன்ல காட்டுனான். டோக்கியோவுல 1972-ல குரோகவான்னு பேரெடுத்த கட்டடக்காரரு 140 பெட்டிய ரெண்டு கோபுரத்துல போல்ட்டு போட்டு மாட்டுனாராம். நககின் கட்டடம்னு பேரு. இருவத்தஞ்சு வருசத்துக்கொருக்கா பெட்டிய மாத்திக்கலாம்னு ஏற்பாடு. ஒண்ணைக்கூட மாத்தலை. 2022-ல மொத்தத்தையும் பிரிச்சுட்டாங்க. ஜப்பான்காரனே மாத்தலை, நீ மாத்தப் போற. வீடு பழுதாகி கொத்தனாரைத் திட்டணும்னா டீக்கடைக்குப் போனாப் போதும். கம்பெனிக்காரனைத் திட்டறதுக்கு ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு போன்ல சொல்லுவான்.

நான் வேண்டாம்னு சொல்லலை. ஒரே மனசா இருக்கறவனுக்கு இதை விட நல்ல வீடு கெடையாது. அட்வான்ஸ் குடுத்துட்டியா? சரி. வரைபடத்தை உங்கம்மாகிட்டக் காட்டிட்டியா?

காட்டலையா? அப்ப ஒண்ணு செய் மாப்ளே. நீ இங்க வரவும் இல்லை, நான் எதுவும் பேசவும் இல்லை.