படிப்புக்குத்தானே சாமி வாங்கற?

கேமிங் லேப்டாப்பு வாங்கிக்க சாமி, வேண்டாம்னு நானெங்க சொன்னன்? உங்கொப்பன்கிட்ட "புராஜெக்டுக்கு வேணும்"ங்கற. உங்கம்மாகிட்ட "இது இல்லாட்டி பிளேஸ்மென்டே கெடைக்காது"ங்கற. மொட்டை மாடியில நின்னு கூட்டாளிகிட்டப் பேசறப்ப மட்டும் "அல்ட்ரா செட்டிங்ல நூறு எஃப்பிஎஸ் தாண்டுமாடா?"ன்னு கேக்கற. கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சுப்போட்டயாட்ட இருக்குது. மந்தந்தான். ஆனா காசு நாயம்னா ரெண்டு ஊட்டுக்கு அக்கட்டால பேசுனாலும் தெளிவாக் கேக்கும்.

இதெல்லாம் இவனுக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. இந்த ஊட்டுப் பேரனுங்க வாங்கற பொட்டிக்கெல்லாம் மஞ்சள் வித்த காசுல பாதி போடறவன் நானு. பாதிக் காசு போடறவன் பாதியாவது தெரிஞ்சு வெச்சுக்க மாட்டனா?

செரி, எப்பிடி வாங்கோணும்னு சொல்றன், கேட்டுக்க. கடைக்குள்ள போனவொடனே கீபோர்டுல எத்தனை கலர்ல லைட்டு எரியுதுன்னு பாரு. அதுதான் முக்கியம். ராத்திரி ஆஸ்டல்ல கரண்டு போச்சுன்னா அந்த வெளிச்சத்துல சோறு திங்கலாம். அடுத்தாப்ல பேரு. லீஜன், பிரிடேட்டர், நைட்ரோ, டஃப், கட்டானான்னு எல்லாம் சண்டைக்குக் கெளம்பற பேரு. எந்தப் பேரு காலேஜ்ல சொன்னா நாலு பேரு திரும்பிப் பாப்பானோ அதைத் தூக்கிட்டு வா. இவ்வளவுதான் உன்ற ரோசனைன்னா மேல நாஞ் சொல்றது எதையும் கேக்க வேண்டாம், போய்க் காப்பித்தண்ணி குடி.

போகலையா? அப்ப உக்காரு.

நம்ம கெணத்து மோட்டார் மேல 7.5 எச்பின்னு தகடு அடிச்சிருக்குது. ராவுல வோல்டேஜ் எறங்கிப்போச்சுன்னா அது எத்தனை தண்ணி தூக்குதுன்னு வாய்க்கால்ல நிக்கறவனுக்குத்தான் தெரியும், தகட்டுக்குத் தெரியாது. நீ வாங்கப் போற பொட்டிக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ் கார்டும் அப்பிடித்தான். ஆர்டிஎக்ஸ் 4060-ன்னு வெளியில ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். அதே 4060-ஐ 35 வாட்டுலயும் ஓட்டலாம், 115 வாட்டுலயும் ஓட்டலாம்னு என்விடியாக்காரனே கம்பெனிகளுக்கு விட்டு வெச்சிருக்கறான். 4050-க்கும் அதே கணக்குத்தான். ஒல்லியா, பாக்க லட்சணமா இருக்கற பொட்டியில 45 வாட்டு 4060 ஒண்ணு, தடியா அசிங்கமா இருக்கற பொட்டியில 100 வாட்டு 4050 ஒண்ணு இருந்துச்சுன்னா, சில ஆட்டத்துல சின்னவன் பெரியவனைத் தொரத்திப் புடிச்சிருவான். ஸ்டிக்கரைப் பாத்துப்போட்டு கூடக் காசு குடுத்தவன் அப்பறம் யூட்டியூப்புல போய் அழுதுக்கிட்டு இருப்பான்.

அதனால கடைக்காரத் தம்பிகிட்ட "ஏனுங்ண்ணா, இதுல டிஜிபி எவ்வளவுங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. டிஜிபின்னா கார்டு எத்தனை வாட்டுல ஓடும்ங்கற கணக்கு. அவன் "இது ஏஐ லேப்டாப்புங்க தம்பி"ன்னு பதில் சொன்னா, அடுத்த கடைக்கு நடையைக் கட்டு. தெரிஞ்ச ஆளா இருந்தா கம்பெனி வெப்சைட்டுல அந்த மாடல் நம்பரைப் போட்டுக் காட்டுவான். டெமோ பொட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா என்விடியா கன்ட்ரோல் பேனலுக்குள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு ஒரு எடம் இருக்குது, அங்கயே பாத்துக்கலாம். மாடல் நம்பர்ல ஒரு எழுத்து மாறுனாலும் உள்ள இருக்கற சரக்கு மாறிப்போகும், அதையும் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு.

இன்னொரு கூத்து இருக்குது. 4060-லயும் மெமரி 8 ஜிபிதான், 4070-லயும் 8 ஜிபிதான். செரி, 2025-ல புதுசா எறக்குனானே, அதுல கூட்டியிருப்பான்னு பாத்தா 5060-க்கும் 8, 5070-க்கும் 8. பன்னெண்டு வேணும்னா 5070 டிஐ-க்குப் போகோணும், அதுக்கு இந்த வருச மஞ்சள் பத்தாது, அடுத்த வருசத்து மஞ்சளையும் சேத்து விக்கோணும். 4060-க்கும் 4070-க்கும் நடுவுல இருக்கற காசை நாலு பேரு மெச்சறதுக்கோசரம் குடுக்கறதுன்னா குடு. எனக்கென்ன, பாதிதானே என்றது.

இப்ப ஆட்டத்துக்கு வருவம். நீ நெசமா என்ன ஆடற? கூட்டாளிககூடச் சேந்து வேலரண்டு. அது அரதப் பழசு இன்டெல் எச்டி 4000-லயே ஓடோணும்னு எழுதி வெச்சிருக்கற ஆட்டம். தனிக் கார்டே இல்லாத பொட்டியிலயும் ஓட்டிக்கலாம். அதுக்குப் போய் லட்ச ரூவாய்க்குப் பொட்டி கேக்கற. "இல்லீங்கப்பாரு, சைபர்பங்க் 2077, பிளாக் மித் வூகாங் எல்லாம் ஆடுவன்"ங்கற. ஆடு. பரீச்சை முடிஞ்ச மறுவாரம் ஆடுவ, அப்பறம் மறுக்கா வேலரண்டுதான். அந்த வேலரண்டுக்கு வேன்கார்டுன்னு ஒரு காவக்காரன் உண்டு தெரியுமல்ல? கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்பவே உள்ள போய் உக்காந்துக்குவான். நீ புராஜெக்டு பண்றப்பவும் அவன் அங்கதான் இருப்பான். அவனை அனுப்பி வெச்சா, மறுக்கா ஆடறதுக்கு ரீஸ்டார்ட் பண்ணோணும். ஒரே பொட்டியில படிப்பும் ஆட்டமும்னா இந்த மாதிரி சில்லறைத் தொல்லையெல்லாம் கூடவே வரும்.

வேலைக்குன்னு சொன்னயே, அந்த வேலை என்னன்னு கொஞ்சம் பிரிச்சுச் சொல்லு பாக்கலாம். கோடு எழுதறதுக்குக் கார்டு வேண்டாம். 16 ஜிபி ரேமும், கண்ணு நோகாத ஸ்கிரீனும், நல்ல கீபோர்டும் இருந்தாப் போதும். "மெஷின் லேர்னிங் பண்ணுவங்கப்பாரு"ன்னு உங்கொப்பன்கிட்டச் சொன்னதும் அவன் வாயைப் பொளந்துட்டான். நான் பொளக்கல. கூகுள்காரன் கொலாப்னு ஒண்ணுல ஓசியிலயே ஜிபியு குடுக்கறான், நேரக் கட்டுப்பாடு இருக்குது, அவ்வளவுதான். காலேஜ்ல குடுக்கற கணக்குக்கு அது தாராளமாத் தாங்கும். அதையும் தாண்டி நீ நெசமாலுமே எதாச்சும் பண்றயா, பிளெண்டர்ல பொம்மை செஞ்சு ரெண்டர் போடறயா, வீடியோ வெட்டறயா, அப்பச் சொல்லு. அங்க என்விடியா கார்டு காசுக்கு ஒழைக்கும். நானே உங்கொப்பன்கிட்டப் பேசறன்.

வீடியோ, போட்டோன்னா ஸ்கிரீன்ல ஏமாந்துராத. உன்ற சித்தப்பன் மகன் ஒரு பொட்டி வாங்குனான். 144 ஹெர்ட்ஸ்னு பெருமை பீத்திக்கிட்டான். அதுல உக்காந்து ஒறம்பரையில ஒரு கல்யாண ஆல்பத்தைத் திருத்துனான். பொண்ணோட கூறைச் சேலை ஸ்கிரீன்ல வெளிறித் தெரிஞ்சுதுன்னு செவப்பை ஏத்தி, இன்னும் கொஞ்சம் ஏத்தி, பிரஸ்ஸுக்கு அனுப்பிச்சான். ஆல்பம் வந்ததைப் பாத்தா சேலை மட்டுமில்ல, மாப்பிள்ளை மூஞ்சி, ஐயர் மூஞ்சி, எல்லாம் மொளகாத் தூள் அப்புனாட்ட இருந்துச்சு. என்ன சங்கதின்னா அந்த ஸ்கிரீன் 45 சதம் என்டிஎஸ்சி ரகம். எஸ்ஆர்ஜிபி கணக்குல பாத்தா நூத்துல 60 சொச்சம் கலரைத்தான் காட்டும். மீதியை அது கண்ணுலயே பாத்ததில்ல. வெல கம்மியான கேமிங் பொட்டியில இந்த ஸ்கிரீனைத்தான் போட்டுத் தள்ளறானுங்க, வேகம் 144-ன்னு பெருசா எழுதுவான், கலர் கணக்கைப் பொடி எழுத்துல போடுவான், இல்லாட்டி போடவே மாட்டான். 100 சதம் எஸ்ஆர்ஜிபின்னு எழுதியிருக்கறதாப் பாத்து வாங்கு. 144 ஹெர்ட்ஸுங்கறதும் கார்டு அத்தனை ஃப்ரேம் தள்ளுனாத்தான் கண்ணுக்குத் தெரியும். வேலரண்டுல தெரியும். பெரிய ஆட்டத்துல நாப்பது அம்பதுன்னு தவழ்ந்துக்கிட்டு இருக்கறப்ப 144-ஐ வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?

அடுத்தது பேட்டரி. "கிளாசுக்கு எடுத்துட்டுப் போவன்"னு சொல்ற பாரு, எனக்குச் சிரிப்பு அங்கதான் வருது. ரெண்டரைக் கிலோ பொட்டி. கூட 200 வாட்டுக்கு மேல ஒரு சார்ஜரு, அது தனிச் சொமை. கோபியில இருந்து கோயமுத்தூர் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறப்ப தோள்பட்டைக்குத் தெரியும் அது கேமிங்கா படிப்பான்னு. பேட்டரியில ஆடலாம்னு கனாக் காணாத. ஒயரைப் புடுங்குன நிமிசமே கார்டு சோந்துரும், அப்பிடியும் ஒரு மணி நேரம் தாண்டுனா அதிசயம். பெரிய பேட்டரி போட்டாலும் 100 வாட்அவருக்குள்ளதான் போடுவானுங்க, அதுக்கு மேல போனா ஏரோப்ளேன்ல சாதாரணமா ஏத்த உட மாட்டான்.

இதுலயும் ஒரு உள்குத்து இருக்குது, காதைக் கொண்டா. மலிவு மாடல் கொஞ்சத்துல ரைசன் 7 7435எச்எஸ்-னு ஒரு சிப்பு வரும். எட்டு கோரு, நல்லா ஓடும், வெல அடக்கம். ஆனா அந்தச் சிப்புக்குள்ள சொந்தமா கிராஃபிக்ஸ் கெடையாது. மத்த பொட்டியில நீ நோட்ஸ் அடிக்கறப்ப பெரிய கார்டு படுத்துத் தூங்கும், சிப்புக்குள்ள இருக்கற குட்டிக் கிராஃபிக்ஸ் வேலையைப் பாத்துக்கும். இதுல வேர்டு ஃபைலைத் தொறந்தாலும் பெரிய கார்டு முழிச்சுக்கிட்டே இருக்கோணும். அப்பறம் பேட்டரி எப்பிடி நிக்கும்? ஊட்டுலயே ஒயர்ல சொருகி வெச்சு ஆடறவனுக்கு அது லாபமான பொட்டி. கிளாசுக்குத் தூக்கிட்டுப் போறவனுக்கு ஆகாது. நீ எந்த ஆளுன்னு நீதான் சொல்லோணும். அப்பிடியே டைப்-சி-யில சார்ஜ் ஏறுமான்னு கேட்டுக்க. ஏறுச்சுன்னா அந்தப் பெரிய சார்ஜரை ரூமுல போட்டுட்டு சின்னதா ஒண்ணை எடுத்துட்டுப் போகலாம். கிளாசுல ஆட மாட்டயல்ல? அதுக்கு அது போதும்.

ஒல்லியாவும் வேணும், பலமாவும் வேணும்னா அதுக்கும் பொட்டி இருக்குது. ஆசஸ்ல ஜெஃபிரஸ் ஜி14-ன்னு, 2024 மாடல் ஒண்ணரைக் கிலோதான், ஸ்கிரீனும் ஓலெட்டு, பாத்தாக் கண்ணு குளுந்து போகும். வெலையைக் கேட்டா ஒடம்பு குளுந்து போகும். ரேமு போர்டோட பத்த வெச்சது, வாங்கறப்ப இருக்கறதுதான் கடைசி வரைக்கும்.

ரேம்னு சொன்னதும் நாவகம் வருது. "இப்ப எட்டு போதும், அப்பறம் போட்டுக்கலாம்"னு முந்தியெல்லாம் நானே சொல்லுவன். இப்பச் சொல்ல மாட்டன். ஏஐ டேட்டா சென்டருக்குன்னு மெமரியை அள்ளிக்கிட்டுப் போனதுல 2025 கடைசியில இருந்து ரேம் வெல மேல ஏறி உக்காந்துக்கிச்சு. 16 இருக்கறதையே வாங்கு. அதுலயும் ஒத்தை ஸ்டிக்கா, ரெட்டை ஸ்டிக்கான்னு கேளு. ரெண்டு ஸ்டிக்குல பிரிஞ்சு இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சேந்து இழுக்கும்.

சூடு. நம்ம ஈரோட்டு வெயிலைப் பத்தி உனக்கு நாஞ் சொல்லோணுமா? இந்தப் பொட்டி காத்தை அடியில இருந்துதான் உறிஞ்சும். நீ மெத்தை மேல குப்புறப் படுத்துக்கிட்டு ஆடற ஆளு. மெத்தையில வெச்சா மூச்சு அடைச்சு, சிப்பு நூறு டிகிரி பக்கம் போய், தன்னைக் காப்பாத்திக்கறதுக்கோசரம் தானே வேகத்தைக் கொறைச்சுக்கும். லட்ச ரூவாய் பொட்டி அப்ப அறுபதாயிரத்துப் பொட்டி. மேசை மேல வெச்சு, பின்னாடி ஒரு கட்டையைக் குடுத்துத் தூக்கி உட்டா ஓசியிலயே நாலஞ்சு டிகிரி கொறையும். ஃபேன் சத்தத்துக்கு நான் பொறுப்பில்ல. ஆஸ்டல் ரூமுல பக்கத்துக் கட்டில்காரன் தலகாணியைத் தூக்கி எறிஞ்சா வாங்கிக்க.

ஆஸ்டல் பிளக்குல எர்த்து இருக்குதான்னு பாத்துக்க. இல்லாத எடத்துல பொட்டியோட தகட்டைத் தொட்டா வெரல் சுருசுருன்னு இழுக்கும். அதுக்குன்னு மூணாவது பின்னை ஒடைக்கற புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காத. அதே காசுல படிக்கறதுக்கு லேசா ஒரு பொட்டியும், ஆடறதுக்கு ஊட்டுல ஒரு டெஸ்க்டாப்பும் போட்டா என்ன? மேசையில நிக்கற 4060-க்கு வாட்டுப் பஞ்சம் கெடையாது, எடுத்த எடுப்புல 115 வாட்டு. சூடும் கம்மி, சத்தமும் கம்மி, அஞ்சு வருசம் கழிச்சு கார்டை மட்டும் மாத்திக்கலாம். இதுல எனக்கென்ன லாபம்னு பாக்கறயா? ஆட்டம் ஊட்டுல இருந்துச்சுன்னா சனி ஞாயிறு நீ ஊட்டுக்கு வந்துதானே ஆகோணும். பாத்தயா, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்ட. செரி செரி, லேப்டாப்பே வாங்கிக்க. 4060 இல்லாட்டி 5060, வாட்டு நூறுக்குக் கிட்டக்க, ரேம் 16, ஸ்கிரீன் 100 சதம், அதுக்கு மேல கடைக்காரன் என்ன சொன்னாலும் காது கேக்காதவனாட்ட நில்லு. எப்பிடி நிக்கறதுன்னு தெரியாட்டி என்னையக் கூட்டிட்டுப் போ.

பில்லுல 18 சதம் ஜிஎஸ்டி போட்டு வாங்கு, வாரண்டிக்கு அதுதான் சாட்சி. ஓசியா ஒரு மவுசும் பையும் குடுப்பாங்க. மவுசை நீயே வெச்சுக்க. பையைக் கொண்டாந்து எங்கிட்டக் குடு, சந்தைக்குப் போறப்ப ஆகும்.