பங்கா இழுத்த கதை

1856, கல்கத்தா. வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்துக் குளிருக்குத் தைத்த கோட்டைக் கழற்ற மனமில்லாமல் துரைகள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே பங்கா. கட்டில் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் துணி, அதிலிருந்து ஒரு கயிறு. கயிறு சுவரிலுள்ள ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். கை ஓய்ந்துபோனால் மல்லாந்து படுத்து, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு காலை ஆட்டுவார். அவர் கண்ணசந்தால் காற்று நிற்கும். காற்று நின்றால் துரை எழுந்துவிடுவார். துரை எழுந்துவிட்டால் வராந்தாவில் என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் தூங்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும்; கம்பெனி ஆட்சியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டையைக் கண்டுகொண்டவர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர். கல்கத்தா கிராண்ட்ஸ் சந்தில் இருந்தார். ‘திறம்படப் பங்கா இழுக்கும் இயந்திரம்’ ஒன்றைச் செய்து, 1856 மார்ச் 3 அன்று அதற்குத் தனியுரிமை வேண்டும் என்று அரசாங்கத்துக்கு மனு போட்டார். அப்படித் தனியுரிமை தரும் சட்டம் பிறந்தே சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கடை திறந்த அன்று முதல் போணி பண்ணியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வரைபடம், விவரம் எல்லாம் கொடுத்தார். இந்தியாவின் முதல் பேட்டன்ட் அதுதான். நிலாவுக்கு ராக்கெட் விடும் நாடு தன் கண்டுபிடிப்புக் கணக்கைத் தொடங்கியது, துரை தூக்கத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தில்.

போணி ஆனது, ஆனால் கடைக்கே லைசென்ஸ் இல்லை என்று அடுத்த வருஷம் தெரிந்தது.

பேட்டன்ட் என்ற சொல்லின் பூர்வீகம் ராஜா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கடுதாசி. உறையை முத்திரை வைத்து மூடாமல், ஊரார் எல்லோரும் படிக்கத் திறந்து விட்ட கடுதாசி. ‘இன்னாருக்கு இன்ன தொழிலில் தனி உரிமை தந்திருக்கிறேன், வேறு யாரும் வாலாட்டக் கூடாது’ என்று அதில் இருக்கும். அதைக் கொடுக்கிற பெருமை ராஜாவுக்கு அல்லது ராணிக்கு. கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த கனவான்களோ லண்டனில் ராணியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சட்டம் போட்டுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவரிடம் சொல்லாமல் பந்தக்கால் நட்ட மாதிரி. ராணியின் முன்னனுமதி இல்லை என்பதற்காகவே 1857-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அதே 1857-ல் அவர்களுக்கு மீரட், டெல்லி, கான்பூர் என்று வேறு தலைவலிகளும் இருந்தன. இருந்தும் இந்தக் கோப்பை மறக்கவில்லை பாருங்கள். அதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

1859-ல் முறைப்படி அனுமதி வாங்கி மறுபடி சட்டம். பதினாலு வருஷத் தனியுரிமை. இந்த முறை ஒரு சின்ன மாற்றம்: வெளிநாட்டில் யாரோ செய்ததைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து ‘நானே கண்டுபிடித்தேன்’ என்று சொல்லுகிறவரைக் கண்டுபிடிப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு கப்பல் டிக்கெட் வாங்கியதும் கண்டுபிடிப்பில் சேர்த்தி. பிறகு 1888, 1911 என்று சட்டங்கள் வந்தன. அவற்றைப் படித்துவிட்டு யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை, நாமும் தாண்டிப் போவோம்.

சுதந்திரம் வந்தது. வீட்டைக் காலி செய்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அலமாரிக்குள் பார்த்தால் 1911 சட்டம் அப்படியே இருந்தது. அதை ஆராய முதலில் நீதிபதி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு. அடுத்து ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்கும் போனவர். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கையை இன்றைக்கும் பேட்டன்ட் வக்கீல்கள் வேதம் மாதிரி எடுத்துப் பிரிக்கிறார்கள். அதன் சாரம் எந்தச் சென்னைவாசிக்கும் உடனே புரியும். இந்தியாவில் கொடுத்த பேட்டன்ட்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது வெளிநாட்டவருடையவை. அவற்றிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் இங்கே பயன்பாட்டுக்கே வரவில்லை. வேளச்சேரிப் பக்கம் காலி மனையை வாங்கி, நாலு கல்தூண் நட்டு, முள்வேலி போட்டு, ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று போர்டு வைத்துவிட்டு, உரிமையாளர் நியூஜெர்சியில் இருப்பாரே, அதேதான். வீடும் கட்டமாட்டார், பக்கத்து வீட்டுப் பையன்களைக் கிரிக்கெட் ஆடவும் விடமாட்டார். மருந்து விலையோ, உலகத்திலேயே அதிகமான நாடுகளில் ஒன்று இந்தியா என்று அமெரிக்க செனட் குழு ஒன்றே எழுதி வைத்தது. அவர்கள் நாட்டுக் கம்பெனி விலையைப் பற்றி அவர்களே!

அறிக்கை வந்து பதினோரு வருஷம் கழித்து 1970-ல் சட்டம் வந்தது. அது அமலுக்கு வர இன்னும் இரண்டு வருஷம். நிதானம் நம் தேசியக் குணம். ஆனால் வந்த சட்டம் சாமானியப்பட்டதல்ல. உணவுக்கும் மருந்துக்கும் பொருள் மீது பேட்டன்ட் கிடையாது, செய்முறை மீதுதான் என்றார்கள். அதுவும் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷம், அல்லது விண்ணப்பித்த நாளிலிருந்து ஏழு, எது குறைவோ அது.

இட்லியை வைத்துச் சொன்னால் விளங்கும். பொருள் பேட்டன்ட் என்றால் இட்லியே எனக்குச் சொந்தம். நீங்கள் குக்கரில் வேக வைத்தாலும் துணி போட்டு ஊற்றினாலும் எனக்குக் கப்பம் கட்ட வேண்டும். பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் போனால் ‘இட்லி’ என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் சுளிப்பார். இட்லி என்று எழுதினால் இட்லி மட்டும்தானே மாட்டும்? உரிமை கோரும் கிளைம்களை இப்படி எழுதுவார்: ‘கிளைம் 1: ஊறவைத்து அரைத்த தானியமும் பருப்பும் புளிக்கவைக்கப்பட்டு, ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழிகளை உடைய தாங்கியில் நீராவிக்கு உட்படுத்தப்பட்டதால் உருவாகும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த, உண்ணத்தக்க வட்டு. கிளைம் 2: கிளைம் 1-ல் சொல்லப்பட்ட வட்டு, அதனுடன் குறைந்தபட்சம் ஒரு துவையல். கிளைம் 3: கிளைம் 2-ல் சொல்லப்பட்ட துவையல் தேங்காயால் ஆனது.’ கிளைம் 14-க்கு வருவதற்குள் சாம்பாரும் மிளகாய்ப்பொடியும் உள்ளே வந்திருக்கும். தப்பித்தவறிக்கூட தோசை கிளைம் 1-க்குள் விழுமா என்று இரண்டு வக்கீல்கள் பத்து வருஷம் சண்டை போடுவார்கள்.

செய்முறை பேட்டன்ட் என்றால் அப்படியில்லை. துணியில் ஊற்றுவது உன் வழி, சரி, வைத்துக்கொள். நான் எண்ணெய் தடவி ஊற்றிக்கொள்கிறேன். இரண்டும் இட்லிதான், சண்டை தீர்ந்தது. நம்மூர் வேதியியல்காரர்கள் இந்த வரியைப் படித்ததும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு மருந்துக்கு ஆறு படியில் வந்தால் இவர்கள் ஐந்து படியில், வேறு வாசலில் வந்தார்கள். எந்த ஊர் மருந்தும் இங்கே மலிவாக வெளிவந்தது. காப்புரிமை என்று எழுதினால் அச்சுக்கோப்பவர் ‘காப்பியுரிமை’ என்று கோத்துவிடுவார் என்று பத்திரிகை ஆபீஸில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அந்த இருபது முப்பது வருஷத்துக்கு அது அச்சுப்பிழையே இல்லை.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்து கெடுத்தது. பத்து வருஷத்துக்குள் மருந்துக்கும் பொருள் பேட்டன்ட் கொடுத்தாக வேண்டும். அதுவரை வருகிற விண்ணப்பங்களை ஒரு தபால் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும் என்றார்கள். பெட்டி என்றால் அதற்கும் ஒரு சட்டம் வேண்டுமே. 1994 கடைசி நாளில் அவசரச் சட்டம் போட்டார்கள். மார்ச்சில் அது காலாவதி. மசோதா மக்களவையில் தேறி மாநிலங்களவையில் மாட்டிக்கொண்டது, பிறகு மக்களவையே கலைந்தது. அமெரிக்கா ஜெனீவாவில் அந்த அமைப்பிடம் போய்ப் புகார் கொடுத்தது: ‘பெட்டி எங்கே?’ இந்தியா சொன்ன பதில் நம் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது. பெட்டி இருக்கிறது, விண்ணப்பங்களை வாங்கி வைக்கும்படி அலுவலகத்துக்கு உத்தரவு போயிருக்கிறது, அந்த உத்தரவு எங்கும் வெளியிடப்படவில்லை, அவ்வளவுதான். ‘சார் வாய்மொழியா சொல்லிட்டாரு’ என்று தாலுகா ஆபீஸில் நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்? அதையே கோட் போட்டுக்கொண்டு ஜெனீவாவில் சொல்லியிருக்கிறோம். 1997 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றோம். 1999-ல்தான் பெட்டிக்குச் சட்டம் வந்தது.

(மஞ்சள், வேம்பு பேட்டன்ட் கதைகள் எங்கே என்று கேட்பீர்கள். அவற்றை எல்லா மேடையிலும் அரைத்து முடித்துவிட்டார்கள்.)

2005. தட்டிக்கழிக்க இனி வழியில்லை. கதவைத் திறந்தாயிற்று. ஆனால் திறக்கும்போதே உள்ளே சங்கிலியை மாட்டிக்கொண்டு திறந்தார்கள். அந்தச் சங்கிலியின் பெயர் பிரிவு 3(டி). நாடாளுமன்றத்தில் அப்போது அரசாங்கத்துக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த இடதுசாரிகள் பிடிவாதம் பிடித்ததில் உரம் ஏறிய பிரிவு. ஏற்கெனவே தெரிந்த பொருளுக்குப் புது உருவம் கொடுத்தால் மட்டும் போதாது, பலனும் கூட வேண்டும் என்கிறது. நேற்றைய மெதுவடையைத் தயிரில் போட்டுப் புதுப் பலகாரம் என்று பில் போடக் கூடாது.

முதலில் வந்து முட்டிக்கொண்டது நோவார்டிஸ் என்ற சுவிஸ் கம்பெனி. கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து. நல்ல மருந்து, அதில் கிண்டலுக்கு இடமில்லை. அதன் மூலக்கூறு 1990-களின் தொடக்கத்திலேயே வெளியுலகில் பதிவாகிவிட்டது. இங்கே கேட்டது அதன் ஓர் உப்பினுடைய ‘பீட்டா’ படிக வடிவத்துக்கு. விண்ணப்பம் 1998-ல் சென்னை அலுவலகத்துப் பெட்டியில் விழுந்தது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் ‘முடியாது’ என்றது. கம்பெனி மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். உள்ளூர்க் கம்பெனிகளுடையது எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம். நோயாளிகள் சங்கமே எதிர்த்து மனு போட்டதில் ஆச்சரியமில்லை.

நோவார்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 3(டி)-யே செல்லாது என்றது. 2007 ஆகஸ்டில் அந்த வழக்கு தள்ளுபடி. மேல்முறையீடு, சென்னையிலேயே இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. அங்கே தொழில்நுட்ப உறுப்பினராக உட்கார வந்தவரைப் பார்த்துக் கம்பெனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் முன்னாள் பேட்டன்ட் தலைமைக் கட்டுப்பாட்டாளர். அதாவது, பரீட்சையில் ஃபெயில் போட்ட பள்ளிக்கூடத்தின் பழைய ஹெட்மாஸ்டரே மறுகூட்டலுக்கும் வந்திருக்கிறார். ஆட்சேபித்தார்கள், ஆள் மாறினார், வாரியமும் பேட்டன்ட் தரவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றம். உடம்பில் மருந்து சேரும் அளவு 30 சதவீதம் கூடியிருக்கிறது என்றது கம்பெனி. மருந்தென்றால் பலன் என்பது நோய் தீருவதில் தெரிய வேண்டும், வெறுமனே அதிகமாகச் சேருவதில் அல்ல என்றது நீதிமன்றம். தீர்ப்பு வந்த நாள் 2013 ஏப்ரல் 1. சுவிட்சர்லாந்தில் காலண்டரை இரண்டு முறை பார்த்திருப்பார்கள்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு இன்னொரு சங்கிலி வேலை செய்தது. அது ஒரு படிவம், படிவம் 27. பேட்டன்ட் வைத்திருப்பவர் அதை இந்தியாவில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தாரா, வரவில்லையா என்று எழுதித் தர வேண்டும். ஐயங்கார் காலி மனைகளைப் பார்த்து எரிச்சலான நாளிலிருந்து நம் சட்டம் கேட்கும் கேள்வி அதுதான். பெரும்பாலோர் அதை ஏனோதானோவென்று நிரப்பிப் போட்டுவிடுவார்கள், கேட்கவும் ஆளில்லை. ஆனால் பேயர் கம்பெனியின் நெக்ஸாவர் விஷயத்தில் யாரோ எடுத்துப் படித்துவிட்டார்கள். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான மருந்து, மாதம் 2,80,000 ரூபாய். தேவைப்பட்ட நோயாளிகளில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் அது போய்ச் சேர்ந்தது என்று கம்பெனி கொடுத்த கணக்கிலிருந்தே தெரிந்தது. 2012 மார்ச்சில் நாட்கோ என்ற உள்ளூர்க் கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது பேட்டன்ட்காரர் சம்மதிக்காமலே மருந்தைச் செய்யும் அனுமதி, கிடைத்தது, மாதம் 8,880 ரூபாய்க்கு விற்கச் சொல்லி. பேயருக்கு ராயல்டி ஆறு சதவீதம். மேல்முறையீட்டில் போராடி அதை ஏழாக்கிக்கொண்டார்கள்.

பிறகு காலம் மாறியது. மேல்முறையீட்டு வாரியத்தை 2021-ல் ஓர் அவசரச் சட்டத்தில் மூடி, வழக்குக் கட்டுகளை உயர் நீதிமன்றங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். விண்ணப்பத்தை ஆராயச் சொல்லிக் கேட்க இருந்த 48 மாத அவகாசம் 2024 மார்ச்சில் 31 ஆனது. ஒரே வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பேட்டன்ட் கொடுத்துவிட்டோம் என்று அரசு மார்தட்டியது. படிவம் 27-ல் கேள்விகள் படிப்படியாக மெலிந்தன. இப்போது அதை மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சங்கிலி இன்னும் இருக்கிறது, கொக்கியைத்தான் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள்.

டிபென்னிங் பெயரில் 1856-ல் தொடங்கிய பேட்டன்ட் நிறுவனம் இன்றும் உண்டு. இப்போது சென்னையில் இருக்கிறது. பேட்டன்ட் அலுவலகமும் கிண்டியில்தான், ஜி.எஸ்.டி. ரோட்டில். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி தோன்றும். கிராண்ட்ஸ் சந்திலிருந்து துரை கோட்டோடு வியர்க்க வியர்க்க வந்து வரிசையில் நிற்கிறார். கையில் படிவம் 27. கண்டுபிடிப்பு: பங்கா இழுக்கும் இயந்திரம். இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்ததா: இல்லை. காரணம் எழுத ஒரே ஒரு கட்டம்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறார்: ‘ஆள் கூலி எண்ணெய்ச் செலவைவிடக் குறைவு.’ கவுன்ட்டரில் இருப்பவர் வாங்கிப் பார்க்கிறார். தலைக்கு மேலே மின்விசிறி ஒன்றாம் வேகத்தில் சுற்றியும் சுற்றாமலும் சுற்றுகிறது. கையெழுத்து ரெண்டு காப்பியிலயும் வேணும் சார் என்கிறார்.