காயலான் கடையில் ஒரு தங்கச் சுரங்கம்

2016-இல் வந்த பிட்காயின் தோண்டும் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்9 இன்று காயலான் கடைச் சரக்கு. மூன்று பலகைகள், 189 சில்லுகள். இயக்கும் கன்ட்ரோலர் இல்லையா? ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, நாலு வயர், சாலிடரிங் கம்பி இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம்.

நண்பர் ஒருவர் கட்டிவிட்டார். சுமார் 1,300 வாட் மின்சாரம்தான் செலவு. விசிறி இரைச்சலில் கடன்காரர் கதவைத் தட்டுவதுகூடக் கேட்பதில்லை. எதிர்த்து நிற்பது கோடிக்கணக்கான எஸ்9-களுக்கு நிகரான உலகச் சுரங்கப் பட்டாளம். வீரனுக்கு அது ஒரு பொருட்டா? 2024-இல் ஒரு பிளாக்குக்கான பரிசு பாதியாகி 3.125 பிட்காயின் ஆனது. நண்பரின் உற்சாகமோ இரட்டிப்பானது.

லாபமே வராது என்றவர்கள் இப்போது வாயடைத்து நிற்கிறார்கள். வருமானம் வந்துவிட்டது: அந்த வெப்பக் காற்றில் ஈரத்துணி உலர்த்த அக்கம்பக்கத்தார் காசு தருகிறார்கள்.

ஆகவே வாசகர்களே, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கி ஏமாறாதீர்கள்.