மொட்டை மாடி மேனேஜர்

சென்னையில் அடுக்ககத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்தவரை ஆட்களுக்கு மாற்றல் போட்டவர், இப்போது தொட்டிகளுக்குப் போடுகிறார்.

மொட்டை மாடித் தரை முழுக்க சாக்பீஸ் கோடு. பிள்ளைகள் பாண்டி ஆடினார்களோ என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள். அது தண்ணீர்த் தொட்டியின் நிழல் கணக்கு. "மார்கழி மத்தியானம் நிழல் வடக்கே நீளும் சார். ஆனியில பாருங்க, தெற்கே எட்டிப் பார்க்கும். சித்திரையில ஒரு நாள் உச்சி வெயில் நேரா மண்டையில இறங்கும், நிழலே கிடையாது!" நிழல் நகர நகர பெயிண்ட் வாளிகளும் குரோபேக்குகளும் பழைய வாஷ்பேசினும் நகரும். சுமக்கிறவர் வாட்ச்மேன்.

ஆடி பிறந்தால் கத்தரி, மிளகாய், அவரை. புரட்டாசி வந்தும் கொடியில் ஒரு பூ இல்லையே என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "நாட்டு அவரை அப்படித்தான். பகல் குறுகினாத்தான் பூக்கும்" என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்துவார். ஐப்பசி மழைக்கு முன்பே எல்லாப் பைகளும் செங்கல் மேல் ஏறிவிடும். வேர் அழுகக் கூடாது, மேல்தளம் ஒழுகுகிறதென்று சங்கச் செயலாளரும் அழக் கூடாது. மழை ஓய்ந்ததும் முள்ளங்கி, காலிஃபிளவர். கத்திரி வெயிலுக்குப் பச்சை நிழல் வலை கட்டி, அடியில் கீரை. வலைக்கு வெளியே, வெயிலைக் குடித்துக் குண்டு குண்டாக மல்லிகை. அதைப் பறிக்க மட்டும் அவர் வீட்டு மாமிக்கு அனுமதி உண்டு.

மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடைக்குப் போட்டு ஊறவைத்த மீன் அமிலத்தை அவர் திறக்கிற தினத்தில், மூன்றாம் மாடிக்காரர் செத்த எலியைத் தேடி அலமாரிகளை நகர்த்துவார். இவர் உதவிக்குப் போவார். உண்மையைச் சொல்ல மாட்டார்.

விளைச்சலா? தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு என்று வாங்கிய பில்லையெல்லாம் கூட்டினால், ஒரு தக்காளி என்ன விலை என்பது மாமிக்குத் தெரியும். அதிலும் பாதி அணிலுக்கு. மீதியில் ஆளுக்கு இரண்டாக வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, "மருந்தே அடிக்கல" என்பார். வாங்கிக்கொண்டவர் அடுத்த நாளே காய்கறித் தோலும் முட்டை ஓடும் சேர்த்து வைத்துத் தர வேண்டும். அது எழுதாத ஒப்பந்தம்.

அமெரிக்காவிலிருந்து மகள் கூப்பிடுவாள். "ஜூலைல வாங்கப்பா."

"ஆடிப்பட்டம்மா."

"அப்ப டிசம்பர்?"

"காலிஃபிளவர் நடுற நேரம்."

"ஏப்ரல்?"

"வெயில்ல ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணுமே!"

பக்கத்திலிருந்து மாமி, "நான் ஊத்திக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார், நெடுநாள் ஆசையோடு.

அவர் மாமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு போனில் சொல்வார்: "அம்மாவை அனுப்பறேம்மா. அவ தண்ணி ஜாஸ்தியா ஊத்திடுவா."