எக்ஸ் சூத்திர விருத்தி

‘எக்ஸை அழுத்துக.’

இது திரை அருளிய சூத்திரம். என்னுதலிற்றோ எனின், கணினி விளையாட்டில் கதவு திறக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள் வெளிப்படை. ஆயினும் எக்ஸ் எங்கே உளது என்பதில் உரையாசிரியர் நால்வரும் மாறுபடுவர். இடப்பக்கம் என்பர் எக்ஸ்பாக்ஸ் மரபினர். மேலே என்பர் நிண்டெண்டோ மரபினர். பிளேஸ்டேஷன் மரபினர் கீழே உள்ள பெருக்கல் குறியைக் காட்டுவர். சோனி அதை ‘கிராஸ்’ என்றே வழங்கியும் அவர் கேட்டாரில்லை. விசைப்பலகையார்க்கோ அது இசட்டுக்கும் சிக்கும் இடைப்பட்டது. வலப்பக்கத்தை மட்டும் எவரும் கோராமை ஆய்வுக்குரியது.

அழுத்தினால் என்ன ஆகும் என்பதிலும் வழக்கு உண்டு. பிளேஸ்டேஷனில் வட்டம் ‘ஆம்’, பெருக்கல் ‘இல்லை’ என்பது ஜப்பானிய வழக்கு. மேலை நாடுகளில் பெருக்கலே ‘ஆம்’. 2020-இல் வந்த ஐந்தாம் பிளேஸ்டேஷன் ஜப்பானிலும் பெருக்கலையே ‘ஆம்’ ஆக்கிற்று. கால் நூற்றாண்டுப் பழக்கமுடைய கட்டைவிரல்களை யாரும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை.

அற்றேல், கணினியில் மட்டும் இடர் மிகுவது ஏன் எனின், தனிக் கருவிகள் தத்தம் கன்ட்ரோலரோடு பிறப்பன. கணினியோ வந்ததையெல்லாம் செருகிக்கொள்வது. எக்ஸ்பாக்ஸ் 360 வெளிவந்த 2005-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்னும் முறையைக் கொணர்ந்தது. அது தன் கன்ட்ரோலரின் அமைப்பையே இலக்கணமாகக் கொண்டமையின், பல விளையாட்டுகள் எதைச் செருகினும் எக்ஸ்பாக்ஸ் என்றே கொள்ளும். சோனி கன்ட்ரோலர் ஏந்தியவன் சூத்திரப்படி கீழ்ப்பொத்தானை அழுத்த, கதாநாயகன் கதவின்முன் நின்று குதிப்பான். 2012-இல் கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ்’ விசைப்பலகையில் ஆடுவோர்க்கும் எக்ஸ்பாக்ஸ் பொத்தான் படங்களையே காட்டிற்று.

இதற்குப் பரிகாரம் கொண்டுகூட்டுப் பொருள்கோள். பொத்தான்களை வேண்டியவாறு இடம் மாற்றிப் பொருள் கொள்வது அது. 2015-இல் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம் கன்ட்ரோலர்’ வாயிலாக இதனைப் பரப்பிற்று. 2019-இல் அக்கருவியின் விற்பனை நின்றது. கோட்பாடு பிற கன்ட்ரோலர்களில் புகுந்து வாழ்கிறது.

ஆக்கியோன் வகுத்த இடமே இயல்பு, மாற்றுவது வழு என்பாரும் உளர். அவர் நாள்தோறும் தொழும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளை நோக்குக. ‘குவேக்’ என்னும் விளையாட்டு பிறந்தபோது நடக்க அம்புக்குறி விசைகளே விதி. 1997-இல் அதன் வாகையரான டென்னிஸ் ஃபாங் தமக்கு வசதியாக அவ்விதியை மாற்றி ஆடியதே பின்னர் ஊரெல்லாம் பரவி வழக்காயிற்று. ஒருவர் செய்த வழு, வழுவமைதியாகி, இன்று விதி.

இனி, ஒரு கையால் மட்டுமே ஆடக்கூடியவர்க்கு இது உரைப்பூசல் அன்று. 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறம் 19 துளைகள் உள. கால்மிதி, தனிப்பொத்தான் என அவரவர்க்கு இயன்றதைச் செருகலாம். விளையாட்டு இடம் மாற்ற இசையாவிடில், அவர்க்கு ஆட்டமே இல்லை.

ஆகலின் சூத்திரம் ஆக்கியோனுடையது, உரை ஆடுவோனுடையது. திரையில் எம்மரபுப் படம் தோன்ற வேண்டும் என்பதையும் அவனே தெரிவு செய்க.

அங்ஙனம் விட்டால் ஆட்டத்தை மறந்து பொத்தான்களையே மாற்றிக்கொண்டிருப்பானே எனின், அதுவும் ஓர் ஆட்டமே என்க.