மணிக்கு வரன் தேடுகிறோம்

கே: 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெரு மூழ்கியபோது நாங்கள் மொட்டை மாடிக்குத் தூக்கிவந்த குட்டிதான் மணி. இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. மகளோடு வெளிநாட்டில் போய்த் தங்கவேண்டிய நிலை. இந்த வயதில் மணியை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்கிறார் டாக்டர். நல்ல இடமாக எப்படித் தேடுவது?
— வாசகி, மடிப்பாக்கம்

ப: மகளுக்கு வரன் பார்த்த அனுபவம் கைவசம் இருக்குமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே வயதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. போட்டோவில் நரைத்த மூஞ்சி பளிச்சென்று தெரியட்டும். நாலு வருஷம் முந்தைய படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர், நேரில் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்.

'அன்பான நாய்' என்று எழுதாதீர்கள். எல்லா நாயும் அன்பானதுதான். கருத்தடை ஆகிவிட்டதா, ரேபிஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி, மாடிப்படி ஏறுமா, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், பூனையைக் கண்டால் என்ன செய்யும், சிலிண்டர் போட வருகிறவரை என்ன செய்யும் என்று எழுதுங்கள். குறையைச் சொன்னால் இடம் தட்டிப்போகுமே என்பீர்கள். தாராளமாகத் தட்டிப்போகட்டும். மூன்றாம் மாதம் திரும்பி வரும் கிழ நாய்க்கு அடுத்த இடம் அமைவது அதைவிடக் கஷ்டம்.

'இலவசம்' என்ற சொல் விளம்பரத்தில் வேண்டவே வேண்டாம். இலவசமென்றால் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு யோசிக்கும் ஜனங்கள் நாம். 'தோப்புக்குக் காவலுக்கு வேண்டும்' என்று வருகிறவருக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மூட்டுவலிக்காரனைச் சங்கிலியில் கட்டி, மழையில் நைட் டியூட்டி போடப் பார்க்கிறார்.

சரி, யாரைத் தேடுவது? போன வருஷம் வரை ஒரு கிழ நாயை வைத்திருந்து, பறிகொடுத்துவிட்டு, 'இனிமேல் இந்த வீட்டில் நாயே கிடையாது' என்று சபதம் போட்டிருப்பார்களே, அவர்களைத்தான். குட்டியின் பின்னால் ஓட அவர்களுக்குத் தெம்பில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கை தானாகச் சங்கிலியைத் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் கால்நடை மருத்துவரின் கம்பவுண்டருக்கு இப்படிப்பட்டவர்களின் பட்டியல் மனப்பாடம். அவரைக் கேளுங்கள்.

ஆள் கிடைத்தால் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வழவழவென்ற தரை, பூட்டாத கேட், நாய் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு ஆள், இந்த மூன்றும் முக்கியம். மூன்றாவதற்கு மட்டும் பரிகாரம் இல்லை. பிறகு சீர் விஷயம். மணியின் மாத மருந்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப்பாருங்கள், தயங்குகிறவர்களில் பாதிப்பேர் இறங்கிவருவார்கள். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமோ, ஊரில் நீங்கள் சொல்லும் உறவினரிடமோதான் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் கேட்க முடியாததை இங்கே கேட்கலாம்.

கே: நாய்க்கு ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், திண்டுக்கல்

ப: கணக்கில் பலவீனமானவர்களுக்காக யாரோ செய்துகொடுத்த வசதி அது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆட்கள் லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வை வைத்து 2020-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் நமது 31-க்குச் சமம். அதற்கப்புறம் வேகம் குறைந்துகொண்டே போகும். ஆறு வயதிலேயே சஷ்டியப்தபூர்த்தி வந்துவிடுகிறது. பத்து வயது மணிக்கு 68 ஆகிறது. சதாபிஷேகம் காண 21 வயது தாண்டவேண்டும், அதற்கு மண்டபம் பார்க்கவேண்டியதில்லை. (சூத்திரம் லாப்ரடாருக்குப் போட்டது. நம்ம ஊர்த் தெருநாய் அதை ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை.)

கே: பேசாமல் ப்ளூ கிராஸில் கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன?
— வாசகர், நங்கநல்லூர்

ப: கேப்டன் சுந்தரம் சென்னையில் அந்த அமைப்பைத் தொடங்கியது, அடிபட்டும் ஆதரவற்றும் கிடக்கும் பிராணிகளுக்காக. சோபாவில் படுத்து சீரியல் பார்த்த பிராணிகளுக்காக அல்ல. எந்தக் காப்பகமானாலும் உள்ளே கூட்டம் அதிகம், நோய் சுலபமாகத் தொற்றும், சாப்பாட்டுத் தட்டுக்குப் போட்டி உண்டு. பத்து வருஷம் ஒரே ஆளாகத் தட்டை வைத்துக்கொண்டிருந்த நாய் அந்தப் போட்டியில் தோற்றுப்போய், சில சமயம் சாப்பிடுவதையே நிறுத்திக்கொள்ளும். காப்பகத்தாரிடம் இடம் கேட்பதைவிட யோசனை கேளுங்கள். யார் வீட்டில் நாயை ஏற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கே: ஈ.சி.ஆர். பக்கம் இறக்கிவிட்டால் தானே பிழைத்துக்கொள்ளாதா? தெருவில் பிறந்ததுதானே?
— பெயர் வேண்டாம், சென்னை

ப: பெயரைச் சொல்ல வெட்கப்பட்டீர்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

தெருவுக்குத் தெரு நாய்களுக்கு எல்லை உண்டு, புதிதாக வரும் நாயை உள்ளே சேர்க்காமல் துரத்தும். அதனால்தான் கருத்தடைக்குப் பிடித்துப்போகும் நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேண்டும் என்று 2001 விதியும் சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2023 விதியும் சொல்கிறது. இளம் நாய்க்கே அந்த நிலை என்றால், காது மந்தமாகி, பல் தேய்ந்து, எங்கேயோ இறக்கிவிடப்பட்ட வீட்டுநாயின் கதியை நினைத்துப்பாருங்கள். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவின்படி, சோற்றுக்கோ தண்ணீருக்கோ வழியில்லாமல் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஈ.சி.ஆர். போய்வர நீங்கள் போடும் பெட்ரோலே அதைவிட அதிகம். சட்டம் இயற்றியவர்கள் உங்கள் மனசாட்சியை நம்பி மிச்சத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கே: நாங்கள் தத்தெடுக்கப் பார்த்த பெரிய நாய்க்குக் கண் நீலம் பூத்தாற்போல் இருக்கிறது. புரையா?
— வாசகி, கோவை

ப: புரையாக இருக்கவேண்டும் என்பதில்லை. வயதானால் கண்ணின் லென்ஸ் இறுகி அப்படி நீலச் சாம்பலாகத் தெரியும், பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். புரை என்றால் வெள்ளையாக மறைக்கும். எது என்று மருத்துவர் ஒரு டார்ச்சை அடித்துச் சொல்லிவிடுவார். காது மந்தம் வந்தாலும் பயப்படாதீர்கள், கை ஜாடையை நாய் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டே 'ம்' கொட்டுகிறவரைவிட அது எவ்வளவோ தேவலை.

கே: மூட்டுவலிக்கு நான் போடும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: கூடவே கூடாது, ஐயா. நமக்குச் சாதாரணமான இபுப்ரூஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பறித்துக்கொள்ளும். நாய்க்கென்று தனி வலி மருந்துகள் உண்டு, கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். அதுவரை இரண்டு வைத்தியம் செய்யுங்கள். ஒன்று, எடையைக் குறைப்பது. மற்றொன்று, வழுக்கும் டைல்ஸ் மேல் ரப்பர் பாயோ பழைய ஜமக்காளமோ விரிப்பது. முதல் வைத்தியத்தில் வீட்டுப் பாட்டிதான் எதிரி. ரகசியமாகப் பிஸ்கட் போய்க்கொண்டிருக்கும்.

கே: அப்பாவுக்கு 74. துணைக்கு ஒரு வயதான நாயை எடுக்கலாம் என்கிறார். சரிப்பட்டு வருமா?
— வாசகி, மதுரை

ப: பேஷாக வரும். இரண்டு பேருக்கும் மத்தியானத் தூக்கம், மெதுநடை, பட்டாசென்றால் அலர்ஜி. குட்டி எடுத்தால் அது என்ன குணத்தில் வளரும் என்பது யாருக்கும் தெரியாது. பத்து வயது நாயிடம் அந்தச் சஸ்பென்ஸ் இல்லை, முழுப் படமும் ஓடி முடிந்திருக்கிறது. எடையை மட்டும் பாருங்கள். முப்பது கிலோ லாப்ரடார் பூனையைக் கண்டு ஒரு இழுப்பு இழுத்தால் அப்பாவின் இடுப்பு தாங்காது. நாட்டு நாய் போதும். ராத்திரி நடைவழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், பாத்ரூம் போகிறவர் படுத்திருப்பவன் மேல் தடுக்கிவிழாமலிருக்க. அப்பாவுக்கு முடியாத நாளில் நாயைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதையும் இன்றைக்கே பேசிவிடுங்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

கே: அபார்ட்மெண்ட் சங்கத்தில் நாய் வளர்க்கத் தடை போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்களே!
— வாசகர், வேளச்சேரி

ப: அப்படித் தடைபோட சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது என்று இந்திய பிராணிகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அதற்காக லிஃப்டில் மார்தட்டாதீர்கள். மாநகராட்சி உரிமத்தையும் தடுப்பூசிச் சான்றையும் காட்டி, கையில் ஒரு பழைய செய்தித்தாளோடு நடைக்குக் கிளம்புங்கள். தரையில் விழுந்ததை நீங்களே அள்ளுவதைச் செயலாளர் ஒருமுறை கண்ணால் பார்த்தால் தீர்மானம் தானே தூங்கிவிடும்.

கே: புது வீட்டுக்கு வந்த நாய் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. சாப்பிடவும் மாட்டேன் என்கிறது.
— வாசகர், திருச்சி

ப: சம்பந்தி வீட்டில் முதல் வாரம் நீங்கள் நன்றாகச் சாப்பிட்டீர்களா? மூன்று நாள் மிரளும், மூன்று வாரத்தில் வீட்டு நேரங்களைக் கற்றுக்கொள்ளும், மூன்று மாதத்தில் உங்கள் இடத்தில் படுத்துக்கொள்ளும் என்பது நாய் மீட்பவர்களிடம் புழங்கும் ஒரு கணக்கு. வயதானவை சில சமயம் இன்னும் மெதுவாக வரும். பழைய வீட்டிலிருந்து துவைக்காத போர்வை ஒன்றை வாங்கிவந்து விரித்துவிடுங்கள், அந்த வாசனை போதும். அதே சாப்பாட்டை ஒரு வாரமாவது கொடுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஆரம்ப நாட்களில் கேட்டைத் திறந்து வைக்காதீர்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். பழைய வீட்டைத் தேடிக் கிளம்பித் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். இரண்டு நாளாகியும் ஒரு வாய்கூடச் சாப்பிடாவிட்டால் அதை ஏக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் நாய் இப்படித்தான் படுத்திருக்கும்.

கே: தத்தெடுத்த பத்து வயது நாய்க்கு எண்கணிதப்படி வேறு பெயர் வைக்கலாம் என்கிறார் என் கணவர்.
— வாசகி, ஈரோடு

ப: வீடு மாறியிருக்கிறது, ஆட்கள் மாறியிருக்கிறார்கள், தெருவின் மோப்பம்கூட மாறியிருக்கிறது. பெயரையாவது விட்டுவையுங்கள். உங்கள் கணவர் பிடிவாதமாக இருந்தால், கூப்பிடும் சத்தம் மாறாதபடி ஆங்கிலத்தில் கூட ஒரு எழுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாய் படிக்கப்போவதில்லை.