உத்தியோக நீக்க ஓலையில் வேற்றுமை மயக்கம்: ஒரு வியாக்கியானம்

செய்தித் தொலைக்காட்சி நிலையங்கள் தம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில் வெளியிடுகின்ற ஓலைகளைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் இதுகாறும் கருத்தரங்கு நடத்தாதிருப்பது, அதன் மதிய உணவுச் செலவை ஏற்பார் இல்லை என்ற காரணத்தினாலேயன்றி, விஷயத்தில் சாரம் இல்லை என்பதனால் அன்று. ஓரிடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்ற பிரச்சினையில் பகை கொண்டு, மூன்று தலைமுறையாக ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் வாழும் நம் பண்டிதர்கள், இத்துறையில் சிறிது சிரத்தை காட்டியிருப்பின் இக்கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது.

சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், செத்தாரைத் துஞ்சினார் என்னும் மங்கலம், பொன்னைப் பொற்கொல்லர் பறி என்னும் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கை நம் முன்னோர் மூன்றாக வகுத்தனர். மூன்றும் ஒரே பத்தியில் கூடி வாழும் இலக்கியம் நீக்க ஓலை ஒன்றே.

மங்கலத்துக்கு உதாரணம்: 2011 அக்டோபர் 6 அன்று பி.பி.சி.யின் டைரக்டர் ஜெனரல் மார்க் தாம்ஸன், ஏறத்தாழ 2,000 உத்தியோகங்களை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தபோது, அதற்குத் ‘தரத்துக்கே முதலிடம்’ என்னும் பொருள்பட நாமகரணம் செய்திருந்தார்கள். அவரே பிற்காலத்தில் சி.என்.என். தலைவராகி, 2025 ஜனவரியில் அங்கே சுமார் 200 உத்தியோகங்களை நீக்கியபோது, டிஜிட்டல் துறையில் 7 கோடி டாலர் முதலீடு என்னும் சுபச்செய்தியும் உடன் வந்தது. பாடபேதம் சிறிது, மூலம் ஒன்றே.

குழூஉக்குறிக்கு உதாரணம்: 2017-ல் டில்லி என்.டி.டி.வி. தன் செய்தியறையை ‘மொபைல் ஜர்னலிசத்துக்காக’ மறுசீரமைத்தது. கேமரா கைப்பேசிக்குள் ஒடுங்க, அதைத் தூக்கியவர் வீட்டுக்குள் ஒடுங்கினார்.

இனி இடக்கரடக்கல். 2022 நவம்பர் 30 அன்று சி.என்.என். தலைவர் கிறிஸ் லிக்ட் தம் ஊழியர்களுக்கு விடுத்த ஓலையில், அன்றைய தினம் சம்பளம் பெறும் விமரிசகர்களுள் சிலருக்கும், மறுநாள் ‘பாதிப்புக்குள்ளான’ ஊழியர்களுக்கும் தகவல் சொல்லப்படும் என்று தெரிவித்ததோடு, இக்காரியத்தை வயிற்றில் விழுந்த குத்து என்று தாம் முன்னரே வருணித்ததையும், நம் எல்லோருக்கும் அது அப்படித்தான் இருக்கும் என்று தாம் அறிந்திருப்பதையும் நினைவூட்டினார். இக்குத்தினை எட்டு வேற்றுமைகளிலும் வைத்து ஆராய்தல் நம் கடமையாகிறது.

முதல் வேற்றுமையாகிய எழுவாய் இங்கே இல்லை. குத்து விழுந்தது, மழை விழுவதுபோல் மேலிருந்து தானாக விழுந்தது. இரண்டாம் வேற்றுமை வயிற்றை. இதில் விவாதம் இல்லை.

மூன்றாம் வேற்றுமையில்தான் பெருங்கலகம். ‘மின்னஞ்சலால் குத்தினார்’ எனக் கருவிப் பொருள் கொள்வார் பெயர் உதிர்ந்துபோன பழைய உரைகாரர். ‘மின்னஞ்சலொடு குத்தினார்’ என உடனிகழ்ச்சிப் பொருளே கொள்ளத்தக்கது என்று, கரையான் தின்றது போக எஞ்சிய ஒன்றரை ஏட்டில் அவரை மறுக்கிறார் இரண்டாம் உரைகாரர். இருவரையும் மறுக்கக் கிளம்பிய அரும்பதவுரைகாரரோ, அந்தக் கரையானையே சாட்சிக்கு அழைத்து, அது தின்னாமல் விட்ட பகுதி சுவையற்றது ஆதலின் பிற்சேர்க்கையே என நிறுவி, முடிவுரைக்கு எழுத்தாணியை எடுத்த தறுவாயில் நின்றுபோனார்; ஏடு தீர்ந்தது காரணம் அன்று, மடம் அவரை மறுசீரமைத்துவிட்டது என்பது கர்ணபரம்பரை.

நான்காம் வேற்றுமை, எதன் பொருட்டு என்பது. அவ்வாண்டு ஏப்ரலில் இரு பெரும் ஸ்தாபனங்கள் இணைந்து சி.என்.என்.-இன் தாய் ஸ்தாபனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பிறந்தபோது, அதன் இடுப்பில் 5,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனும் சேர்ந்தே பிறந்தது. மார்ச் 29-ல் தோன்றிய சி.என்.என். பிளஸ் என்னும் இணையவழிச் சேவை ஏப்ரல் 28-ல் பரமபதம் அடைந்தது. ஆகவே கடனுக்குக் குத்து எனக் கொள்க.

ஐந்தாம் வேற்றுமை நீங்கல். 1982-ல் தொடங்கிய சகோதர நிலையமான எச்.எல்.என். நேரடி ஒளிபரப்பிலிருந்து நீங்கியது. ஊழியர் மேசையிலிருந்து நீங்கினார்.

ஆறாம் வேற்றுமையாகிய கிழமைப்பொருள், உடையவனை விட்டுப் பிரியாத தற்கிழமை, பிரியக்கூடிய பிறிதின்கிழமை என இருவகைப்படும். வயிறு தற்கிழமை; சம்பளம் பிறிதின்கிழமை. வலியை எல்லோர்க்கும் பொதுவில் வைத்து, சம்பள இழப்பைச் சிலர்க்கு மட்டும் தனிச் சொத்தாக எழுதிவைப்பது ஓலை மரபு. ஏழாம் வேற்றுமை இடம்: அட்லாண்டா. எட்டாவதாகிய விளி அழைத்தற்கு உரியது. வழியனுப்புதற்கும் அதனையே பிரயோகிப்பது இவ்வகை ஓலைகளின் தனிச்சிறப்பு.

ஆராய்ச்சியின் பயன் யாதெனின்: ‘குடிசைகள் எரிந்தன’ என்று எழுதி வரும் இளம் நிருபரை, ‘வைத்தவன் யார் ஐயா?’ என்று சீறித் திருப்பி அனுப்பும் தொழிலையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஸ்தாபனங்கள், தம் வீட்டு நெருப்பைப் பற்றி எழுதுகையில் ‘முடிவு எடுக்கப்பட்டது’ என்பதோடு திருப்தி கொள்கின்றன. மந்திரியிடம் நாள்தோறும் கேட்கும் ‘யார்’ என்னும் வினாவைத் தம் மாடிப்படியில் மட்டும் அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் எழுவாய் இறங்கி வந்துவிடும் என்ற அச்சமே காரணம்.

அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதற்கும் ஒரு பிரமாணம் உண்டு. ஓலை எழுதிய லிக்ட் 2023 ஜூன் 7-ல் பதவி இழந்தார். அன்று காலை ஊழியர்களிடம் பேசிய வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி தலைவர் டேவிட் ஸாஸ்லாவ், காரியம் சரிப்பட்டு வரவில்லை என்றும், அதற்கு முழுப் பொறுப்பும் தம்முடையதே என்றும் கூறினார். இலக்கண உலகம் தவம் கிடந்த எழுவாய் இவ்வாறு பகிரங்கமாகப் பிரசன்னமாயிற்று. பொறுப்பை ஏற்றவர் பதவியில் இருந்தார். வீட்டுக்குப் போனவர் மற்றவர். எனவே, இவ்வோலைகளில் எழுவாய் தோன்றினும் பயனிலையைப் பிறரே கொள்வர் எனப் புறனடை கூறி முடிக்க.